கிளாக் எந்தக் கம்பியில் வருகிறது? 24 மீட்டர் தரவு இணைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஓடும் தகட்டின் மேற்பரப்பைச் சோதிக்கும் இயந்திரம் அது. உணர்விகள் அடங்கிய தலைப்பகுதி தண்டவாளத்தில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அது திரட்டும் தரவு வினாடிக்கு 480 மெகாபிட். அவ்வளவும் 24 மீட்டர் கேபிளின் மறுமுனையில் இருக்கும் கணினி அலமாரிக்கு இடைவிடாமல் வந்து சேர வேண்டும். எதிர்த்திசையில் அலமாரியிலிருந்து தலைப்பகுதிக்குத் தூண்டல் துடிப்பும் (எந்தத் தருணத்தில் அளவெடுப்பது என்று சொல்லும் சைகை) ஒத்திசைவும் போக வேண்டும். சில பத்து நானோவினாடிகளுக்கு மேல் அது தள்ளாடக் கூடாது.

பரிசோதனை மேசையில் 2 மீட்டர் கேபிளுடன் எல்லாம் பிசகில்லாமல் ஓடியது. இயந்திரத்தில் பொருத்தியதும் படத்தில் புள்ளிகள் தெறிக்கத் தொடங்கின. சில நாட்களில் வரிக்கு ஒன்று. சில நாட்களில் மணிக்கணக்கில் ஒன்றும் இல்லை. என்னை அழைத்தபோது கேட்ட கேள்வி, "இதைவிட நல்ல கேபிள் எது?" என்பதுதான். கேபிள் விற்பவர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் கிடைக்க வேண்டுமானால் அதற்கு முன் வேறொன்றைக் கேட்டாக வேண்டும்: கிளாக் எந்தக் கம்பியில் வருகிறது? கிளாக் என்பது ஒவ்வொரு பிட்டையும் எந்தத் தருணத்தில் படிப்பது என்று பெறும் முனைக்குச் சொல்லும் துடிப்பு.

முதல் வடிவமைப்பு

வடிவமைத்தவர்கள் எடுத்துக்கொண்டது எல்விடிஎஸ். 3.5 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை 100 ஓம் முடிவுத்தடையில் செலுத்தி, ஒரு ஜோடிக் கம்பிகளுக்கு இடையே சுமார் 350 மில்லிவோல்ட் வேறுபாட்டுச் சைகையை உண்டாக்கும் முறை அது. மின்செலவு குறைவு, வேகம் அதிகம், எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பின் கால்களிலிருந்தே நேரடியாகக் கிடைத்துவிடும். கேபிள், ஷீல்டு (உலோக உறை) உள்ள கேட் 5இ பேட்ச் கார்டு, அதாவது கணினி வலையமைப்புக்குப் பயன்படும் முறுக்கிய ஜோடிக் கேபிள். அதன் நான்கு ஜோடிகளில் மூன்றில் தலா 160 மெகாபிட் தரவு, நான்காவதில் கிளாக். குறியாக்கம் எதுவும் இல்லை. உணர்வியிலிருந்து வந்த பிட்டுகள் வந்தபடியே போயின.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. கேட் 5இ கேபிளின் இழப்பு 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 22 டெசிபெல்லுக்கு மிகக் கூடாது என்பது தரவிதி. 160 மெகாபிட்டின் அடிப்படை அலைவெண் 80 மெகாஹெர்ட்ஸ். பேட்ச் கார்டில் இருப்பது பல இழைக் கம்பி என்பதால் 20 விழுக்காடு கூட்டிக்கொண்டாலும் 24 மீட்டருக்கு ஐந்தரை டெசிபெல்தான். 350 மில்லிவோல்ட் சுமார் 180 ஆகிறது. எல்விடிஎஸ் ஏற்பிக்கு 100 மில்லிவோல்ட் போதும். ஆக, அலைவரிசை அகலம் ஒரு நாளும் இங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. கேபிளின் மேல் அச்சிட்டிருந்த எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இது பிடிபடாமல் போனதில் வியப்பில்லை.

கவனிக்காமல் விட்டது வேறொரு வரி. அதே தரவிதியில் ஜோடிக்கு ஜோடி தாமத வேறுபாடு 100 மீட்டருக்கு 45 நானோவினாடி வரை இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அடுத்தடுத்த ஜோடிகள் ஒன்றின் சைகையை மற்றொன்று வாங்கிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு இறுக்கத்தில் முறுக்குகிறார்கள். இறுக்கமாக முறுக்கிய ஜோடியில் செம்பின் நீளமே கூடுதல். சைகை தாமதமாக வந்து சேர்கிறது. குறுக்கீட்டைத் தடுக்கும் அதே உத்திதான் தாமத வேறுபாட்டையும் உண்டாக்குகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற முடியாது.

24 மீட்டருக்குக் கணக்கிட்டால் தரவிதி அனுமதிக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட 11 நானோவினாடி. ஒரு பிட்டின் நேரமோ 6.25 நானோவினாடி. அதாவது முழுத் தகுதி பெற்ற, எந்தச் சோதனையிலும் தேறக்கூடிய கேபிள் ஒன்று கிளாக்கையும் தரவையும் ஒன்றரை பிட்டுக்கு மேல் விலக்கி வைக்கலாம். இங்கே இருந்த கேபிளை ஆசிலோஸ்கோப்பில் அளந்தபோது, முந்தி வந்த ஜோடிக்கும் பிந்தி வந்த ஜோடிக்கும் இடையே 4 நானோவினாடிக்கு மேல் இருந்தது. பிட்டின் நடுவில் மாதிரி எடுக்க வேண்டிய ஏற்பி, பிட் மாறும் விளிம்பில் நின்று எடுத்துக்கொண்டிருந்தது. 2 மீட்டர் மேசைக் கேபிளில் இதே வேறுபாடு அரை நானோவினாடிகூட வராது.

மேசைச் சோதனையைப் பற்றி இன்னொரு வார்த்தை. அதிக அலைவெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்தோலில் மட்டுமே ஓடுகிறது. செம்பில் 1 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர். இதனால் இழப்பு, நீளத்தோடு நேர்விகிதத்திலும் அலைவெண்ணின் வர்க்கமூலத்தோடும் ஏறுகிறது. இழப்பை ஒரே அளவில் வைத்துப் பார்த்தால், தாங்கக்கூடிய வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நீளம் 12 மடங்கானால் வேகம் 144-இல் ஒரு பங்கு. 1850-களில் வில்லியம் தாம்சன் கடலடித் தந்திக் கேபிளுக்குச் சொன்னதும் ஒரு வர்க்க விதிதான். காரணம் வேறு, கணக்கின் வடிவம் ஒன்று. 2 மீட்டரில் ஓடியது என்பது 24 மீட்டரைப் பற்றி எந்தச் சாட்சியமும் சொல்வதில்லை.

விலை கூடிய கேபிள்

நான் வருவதற்கு முன்பே இரண்டு திருத்தங்கள் நடந்திருந்தன. முதலில் கேட் 6ஏ கேபிளுக்கு மாறினார்கள். இழப்பு குறைந்தது, பிழை குறையவில்லை. கேட் 6ஏ-விலும் தாமத வேறுபாட்டின் வரம்பு அதே 45 நானோவினாடிதான். பத்து கிகாபிட் ஈதர்நெட் ஓடும் கேபிளில் 160 மெகாபிட் ஓடாதா என்று அங்கிருந்த மென்பொருள் பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஈதர்நெட் நான்கு ஜோடிகளுக்கும் சேர்த்து ஒரு கிளாக்கைத் தனி ஜோடியில் அனுப்புவதில்லை. ஏற்பிச் சிப் ஒவ்வொரு ஜோடியிலும் மாதிரி எடுக்கும் தருணத்தைத் தானே சரிசெய்து, பின்னர் நான்கையும் வரிசைப்படுத்திக்கொள்கிறது. கேபிளின் குறையை மூடிமறைக்கும் வேலையைச் சிப் செய்கிறது. அந்தச் சிப் இல்லாமல் கேபிளை மட்டும் வாங்கி வந்தால் குறை மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

இரண்டாவது திருத்தம் உருப்படியானது. எஃப்பிஜிஏவுக்குள் ஒவ்வொரு தரவுப் பாதைக்கும் ஒரு தாமதத்தைச் சேர்த்து, அந்தக் கேபிளுக்கு ஏற்றபடி எண்களைச் சரிசெய்து எழுதிவைத்தார்கள். பிழை ஏறக்குறைய நின்றது. பிறகு, ஓடித் தேய்ந்த கேபிளைக் கழற்றிவிட்டு, வேறு தயாரிப்பாளரின் கேபிளை மாட்டினார்கள். அதில் முறுக்கின் அளவுகள் வேறு. எழுதிவைத்த எண்கள் எல்லாம் பயனற்றுப் போயின. உதிரிப்பாகத்தை மாற்றினால் மென்பொருளையும் மாற்ற வேண்டும் என்ற நிலையில் உள்ள இயந்திரத்தை யாரும் பராமரிக்க முடியாது.

ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் தெரிந்த ஒரு வரிசையை அனுப்பி, தாமதத்தைத் தானாகவே சரிசெய்யும் வழி உண்டு. பலரும் அப்படிச் செய்கிறார்கள். இங்கும் அதையே செய்திருக்கலாம், இரண்டாவது நோய் இல்லாமல் இருந்திருந்தால்.

மோட்டார் முடுக்கம் பெறும்போது

பிழைகளை எண்ணுவது மட்டும் போதாது. எப்போது வந்தன என்று நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிந்து, மோட்டார் டிரைவின் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் துடிப்புகளாகக் கொடுக்கும் கருவியின்) வேக வரைபடத்தோடு ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எஞ்சிய பிழைகள் எல்லாம் தலைப்பகுதி திசை திரும்பும் இடங்களில் கொத்தாக நின்றன. சீராக ஓடும்போது அநேகமாக எதுவும் இல்லை.

டிரைவின் வெளியீடு மைக்ரோவினாடிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேகத்தில் ஏறி இறங்குகிறது. மோட்டார் கேபிளுக்கும் இயந்திரச் சட்டகத்துக்கும் இடையிலுள்ள மின்தேக்கம் வழியாக ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு மின்னோட்டத் துடிப்பு எர்த்துக்குக் கசிகிறது. அது திரும்பிப் போகும் வழியில் தலைப்பகுதியின் சட்டகமும் அலமாரியின் சட்டகமும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையே அளந்தபோது 3 வோல்ட்டைத் தாண்டும் கூர்முனைகள் தெரிந்தன. எல்விடிஎஸ் ஏற்பி தாங்கும், இரு கம்பிகளுக்கும் பொதுவான மின்னழுத்த மாற்றம் கூட்டல் கழித்தல் 1 வோல்ட். அதைத் தாண்டினால் வேறுபாட்டுச் சைகை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்பிக்குக் கண் தெரியாது.

ஷீல்டைப் பார்த்தேன். அலமாரிப் பக்கம் மட்டும் எர்த் செய்து, தலைப்பகுதிப் பக்கம் வெட்டி விட்டிருந்தார்கள். வெப்ப இணை, ஒலிக்கருவி போன்ற தாழ் அலைவெண் சைகைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அது, அங்கே சரி. இங்கே 24 மீட்டர் என்பது சுமார் 3 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம். டிரைவின் துடிப்பு அதிர்ந்து அடங்கும் அலைவெண்களும் அந்த வட்டாரத்தில்தான். ஒரு முனை திறந்த ஷீல்டு அங்கே ஆன்டெனாவாகிவிடுகிறது. இரு முனையிலும் ஷீல்டைச் சுற்றிலும் பிடிக்கும் உலோகக் கவ்வியால் சட்டகத்தோடு சேர்த்ததும் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஷீல்டின் நுனியைப் பன்றிவால் போல முறுக்கி ஒரு திருகில் மாட்டுவது போதாது. அந்தச் சில சென்டிமீட்டர் கம்பியின் தூண்டமே மெகாஹெர்ட்ஸில் தடையாகிவிடும்.

குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது. குறியாக்கம் இல்லாத தரவில் நூறு பூஜ்யங்கள் தொடர்ந்து வரலாம். அந்த நூறையும் ஏற்பி நிலையான மின்னழுத்தமாகவே பார்த்தாக வேண்டும். ஆகவே நடுவில் மின்தேக்கியோ டிரான்ஸ்ஃபார்மரோ போட முடியாது. நேர்மின் பாதை திறந்திருக்கும் வரை எர்த் வேறுபாடும் அதே பாதையில் உள்ளே வரும். சைகை முறையையும் கேபிளையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இதுதான்: தாமத வேறுபாடும் எர்த் வேறுபாடும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

என்னென்ன வழிகள் இருந்தன

ஆர்எஸ்-485 என்ற தொடர் இணைப்பு முறையை ஒரு வரியில் தள்ளிவிடலாம். எர்த் வேறுபாட்டை அது மைனஸ் 7-லிருந்து பிளஸ் 12 வோல்ட் வரை தாங்கும். இந்த வேகம் அதற்கு எட்டாது.

கிகாபிட் ஈதர்நெட் பெரும்பாலான இடங்களில் சரியான விடை. நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 125 மில்லியன் ஐந்துநிலைச் சைகைகள், 100 மீட்டர், டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல். எல்லாம் மலிவான சிப்பில் அடங்கிவிடுகிறது. யாராவது புதிதாக ஓர் இணைப்பை வடிவமைக்கிறேன் என்று வந்தால், ஈதர்நெட் ஏன் ஆகாது என்பதை முதலில் நிறுவச் சொல்வேன். இங்கே ஆகாததற்குக் காரணம் தூண்டல் துடிப்பு. தரவு பொட்டலமாகப் போவதால் தாமதம் ஆடும். இணைப்பு அறுந்து மீண்டும் ஏற்படும்போது சிப்பின் உள் தாமதமே மாறிவிடக்கூடும். அதைச் சமாளிக்கும் நெறிமுறைகள் உண்டு. ஆனால் இந்தத் தலைப்பகுதியில் அவ்வளவு தர்க்கத்துக்கு இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

ஒளியிழை அடுத்தது. எர்த் என்ற பேச்சே அங்கு இல்லை. 50 மைக்ரோமீட்டர் பன்முக இழையில் 850 நானோமீட்டர் ஒளியில் கிகாபிட் சைகை 550 மீட்டர் வரை போகும், 24 மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. அசையும் கேபிளைத் தாங்கிச் செல்லும் சங்கிலி, எண்ணெய்ப் புகை, தூசு, இணைப்பு முனையைத் துடைக்கத் தெரியாத இரவுப் பணி ஆள் ஆகியவை அதற்கு எதிராக நின்றன. கடைசிக் காரணத்தைச் சிலர் சிரித்தபடி கேட்டார்கள். எனக்கு அதுதான் கனமான காரணமாகப் பட்டது.

மிச்சம் இருந்தது கிளாக்கைத் தரவுக்குள்ளேயே புதைத்து, ஒரே பாதையில் எல்லாவற்றையும் அனுப்புவது. இதற்கு 8பி/10பி குறியாக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரானாசெக்கும் 1983-இல் வெளியிட்டது. சாட்டா, யுஎஸ்பி 3.0, கிகாபிட் ஒளியிழை ஈதர்நெட் எல்லாவற்றிலும் ஓடியிருக்கிறது. 8 பிட்டை 10 பிட்டாக மாற்றுவதால் 480 மெகாபிட் 600 ஆகிறது. அந்தக் கால்பங்குச் சுமைக்குக் கைம்மாறாக, ஒரே மதிப்பு 5 பிட்டுக்கு மேல் தொடராது. ஒன்றுகளும் பூஜ்யங்களும் எப்போதும் சமன்பட்டிருக்கும். அடிக்கடி விளிம்பு வருவதால் ஏற்பி கிளாக்கைத் தரவிலிருந்தே மீட்டுக்கொள்ளும். சமன்பட்டிருப்பதால் நடுவில் மின்தேக்கி போடலாம். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து. 64பி/66பி போன்ற பின்னாளைய குறியாக்கங்களில் சுமை 3 விழுக்காடுதான். ஆனால் அவற்றில் சமநிலை நிகழ்தகவைப் பொறுத்தது, உத்தரவாதம் இல்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் எனக்கு உத்தரவாதம் தேவைப்பட்டது.

எந்தக் கேபிளில்? 600 மெகாபாடின் வேகமான மாற்றம் 300 மெகாஹெர்ட்ஸ். 5 பிட் தொடரும் மெதுவான மாற்றம் 60 மெகாஹெர்ட்ஸ். கண் வரைபடத்தை (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆசிலோஸ்கோப் படம், நடுவில் திறந்திருக்கும் இடம்தான் கண்) மூடுவது மொத்த இழப்பு அல்ல, இந்த இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள இழப்பு வேறுபாடு. கேட் 5இ பேட்ச் கார்டில் 24 மீட்டருக்கு அது ஏறத்தாழ 7 டெசிபெல் வரும். அதுவும் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கேபிளுக்கு எந்த உறுதிமொழியும் இல்லை, சூத்திரத்தை நீட்டிப் பார்த்த கணக்குதான். 75 ஓம் கோஆக்சியலில் (நடுக்கம்பியைச் சுற்றி ஷீல்டு உள்ள கேபிள்), சங்கிலியில் வளைந்தாட ஏற்ற மெல்லிய வகையிலும்கூட, வேறுபாடு 3 டெசிபெல்லுக்குள் அடங்கியது. கோஆக்சியலையே தேர்ந்தெடுத்தோம். தூண்டல் துடிப்புக்குத் தனியே ஒரு ஷீல்டு உள்ள ஜோடி, மான்செஸ்டர் குறியாக்கத்தில் 10 மெகாபிட், சிறு டிரான்ஸ்ஃபார்மர். அதிலும் கிளாக் தரவுக்குள்ளேதான்.

மின்தேக்கியின் அளவு

ஒளிபரப்புத் துறையில் படத்தைக் கொண்டுசெல்லும் எஸ்டிஐ இணைப்புகளுக்கான டிரைவர் (சைகையை அனுப்புவது), ஈக்குவலைசர் (கேபிளின் இழப்பைச் சரிக்கட்டுவது) சிப்புகள் 75 ஓம் கோஆக்சியலுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றையே எடுத்துக்கொண்டோம். முன்னுதாரணமும் இருந்தது: டிஜிட்டல் தொலைக்காட்சித் தரவைக் கொண்டுசெல்லும் டிவிபி-ஏஎஸ்ஐ இணைப்பு 270 மெகாபாடில் இதே 8பி/10பி-யை இதே கேபிளில்தான் அனுப்புகிறது. தானாகச் சரிசெய்யும் ஈக்குவலைசர் ஒரு விஷயத்தை நம்பி வேலை செய்கிறது. அனுப்பும் முனையில் 800 மில்லிவோல்ட் புறப்பட்டது என்று. வந்து சேர்ந்த அளவைப் பார்த்துக் கேபிள் எவ்வளவு நீளம் என்று அது ஊகிக்கிறது. அனுப்பும் அளவை நம் விருப்பப்படி கூட்டினால் கேபிள் குட்டை என்று நினைத்துக் குறைவாகச் சரிசெய்யும். "கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பிவிடலாமே" என்ற யோசனையை இரண்டு முறை மறுக்க வேண்டியிருந்தது. கிளாக்கை மீட்டுச் சைகையைப் புதுப்பிக்கும் எஸ்டிஐ-யின் ரீகிளாக்கர் சிப்புகளை மட்டும் தொடவில்லை. அவை தமக்குரிய வேகங்களில் மட்டுமே பூட்டிக்கொள்ளும்.

சிப்பின் மாதிரிச் சுற்றில் 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போடச் சொல்லியிருக்கும். எஸ்டிஐ-யில் குறியாக்கம் இல்லை, பிட்டுகளைக் குலைத்து அனுப்பும் கலைப்பு மட்டுமே உண்டு. சில படவண்ணங்களில் வெகுநேரம் ஒரு பக்கமே சாய்ந்து நிற்கும் சைகை வரும். அதைத் தாங்கவே அவ்வளவு பெரிய மின்தேக்கி. நமக்கு அந்தத் தேவை இல்லை. 4.7 நானோஃபாரட், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, போட்டோம். இரு முனைத் தடையும் சேர்ந்த 150 ஓமுடன் அதன் நேர மாறிலி 0.7 மைக்ரோவினாடி, சுமார் 420 பிட். 5 பிட் தொடரில் சரிவு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆனால் 225 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அனைத்தும், டிரைவின் சுவிட்ச் அலைவெண் உட்பட, வாசலிலேயே தங்கிவிடுகிறது. மெகாஹெர்ட்ஸ் பகுதியை இரு முனையிலும் எர்த் செய்த இரட்டை ஷீல்டும் கேபிளின் மேல் மாட்டிய ஃபெரைட் வளையங்களும் பார்த்துக்கொண்டன. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தச் சிறிய மின்தேக்கிதான். குறியாக்கம் தந்த சலுகையை இரைச்சலைக் கழிக்கச் செலவிட்டது அது.

முதல் பலகை வந்தபோது வேடிக்கையான கோளாறு ஒன்று. ஏற்பி ஒத்திசைவைப் பிடித்துவிட்டது, பிழைக் காட்டி விளக்கு பச்சை, தரவோ குப்பை. டிரைவரின் இரண்டு வெளியீடுகளில் தலைகீழானதைக் கேபிளுக்குக் கொடுத்து, நேரானதை 75 ஓமில் முடித்திருந்தார்கள். எஸ்டிஐ-யில் இதனால் எதுவும் ஆகாது, அந்தச் சைகைக்குத் தலைகீழும் நேரும் ஒன்று. 8பி/10பி-யில் அப்படி இல்லை. ஒத்திசைவுக்குப் பயன்படும் கே28.5 குறியின் இரண்டு வடிவங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதால் அது தப்பித்துக்கொள்ளும். மற்ற குறிகளில் பல மாட்டிக்கொள்ளும். எஃப்பிஜிஏவில் ஒரு பிட்டை மாற்றியதும் சரியாயிற்று.

எப்போது போதும் என்று சொல்வது

ஓர் இலட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் இலக்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. 600 மெகாபாடில் அது 28 நிமிடத்துக்கு ஒரு பிழை. இரவு பகலாக ஓடும் இயந்திரத்துக்கு அது போதாது. ஆயிரம் மடங்கு மேலான அளவை 95 விழுக்காடு நம்பிக்கையுடன் நேரடியாக நிரூபிக்கவோ, ஒரு பிழையும் இல்லாமல் 58 நாள் ஓட்ட வேண்டும். அதனால் வேறு வழியில் போனோம்: இரண்டு கேபிள்களைச் சேர்த்து 48 மீட்டராக்கி, மோட்டாரைக் கடுமையான முடுக்கத்தில் விட்டு, அந்த நிலையிலும் பிழை எண்ணி அசையாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். அசையவில்லை. கண் வரைபடத்திலும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது.

இதற்கிடையில் சோதனைக் குழு, இணைப்பு தோற்றுவிட்டது என்று அறிக்கை அனுப்பியது. பார்த்தால் பிஆர்பிஎஸ்-31 என்ற போலிச் சமவாய்ப்பு பிட் வரிசையை அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரே மதிப்பு 31 பிட் வரை தொடரும், நீண்ட கால அளவில் சமநிலையும் ஊசலாடும். 4.7 நானோஃபாரட் மின்தேக்கிக்கு அது அந்நிய மொழி. 8பி/10பி தரவையே அனுப்பிச் சோதிக்கச் சொன்னோம். குறிப் பிழை எண்ணியும் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை எண்ணியும் பூஜ்யத்திலேயே நின்றன.

உதிரிப்பாகப் பட்டியலில் கேபிளை வெறும் பெயரால் எழுதவில்லை. 75 ஓம், 300 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு அதிகபட்ச இழப்பு, இரட்டை ஷீல்டு, சங்கிலியின் வளைவு ஆரம், வளைவுகளின் எண்ணிக்கை என்று எழுதினோம். பக்கத்து அலமாரியில் 50 ஓம் கேபிள்களும் இருக்கின்றன. பிஎன்சி முனை இரண்டுக்கும் பொருந்திவிடும். 50 ஓம் கனெக்டர் ஒன்று நடுவில் வந்தால் இந்த வேகத்தில் பாதகமில்லை, அதன் நீளம் பிட்டின் நேரத்தோடு ஒப்பிட அற்பம். ஒரு மீட்டர் 50 ஓம் கேபிள் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு சைகை எதிரொலித்துத் திரும்பும். அதனால் இந்தக் கேபிளின் இரு முனைகளுக்கும் பச்சை உறை போடப்பட்டது.

அடுத்த இயந்திரத்துக்கு 60 மீட்டரும் இரட்டிப்பு வேகமும் கேட்கிறார்கள். இழப்பு மூன்றரை மடங்கு, ஏறத்தாழ 18 டெசிபெல். ஈக்குவலைசர் சிப் அதைத் தூக்கிவிடும். ஆனால் சைகையைத் தூக்கும்போது டிரைவின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். அங்கே நான் ஒளியிழையைத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன், தூசு புகாத, கையால் திருகி மூடும் முனையோடு.